கண்ணாடி இல்லாத படம்

நவம்பர் கடைசியில் பூமியின் வடகோடியில் இருக்கும் எங்கள் ஊரில் சூரியன் கடலுக்குள் இறங்கினால் ஜனவரி நடுவில்தான் மறுபடி தலையைக் காட்டும். இதில் புலம்ப ஒன்றுமில்லை; பிறந்ததிலிருந்து பார்க்கிறோம். காலையில் போட்ட விளக்கு படுக்கப் போகும்வரை எரியும், அவ்வளவுதான். ஆனால் அந்த வருஷம் பெரித் வீட்டுச் சங்கடமே அந்த விளக்கில்தான் ஆரம்பித்தது. விளக்கால் வந்தது என்று கண்டுபிடிக்க எங்களுக்கு மூன்று வாரம் ஆனது. அதற்குள் ஹால்வர் மூன்று தடவை வீட்டை விட்டு இறங்கிப் போய்விட்டான்.

நானும் பெரித்தும் பக்கத்துப் பக்கத்து வீட்டுக் கிழவிகள்; துறையோரக் கொட்டகையில் அடுத்தடுத்த மேசை. ஆயிரங்கால் தூண்டிலுக்கு இரை கோர்ப்பது எங்கள் வேலை. ஒரு தொட்டிக்கு நானூற்றைம்பது முள். ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு கணவாயையோ அயிலையையோ குத்தி, கயிற்றைச் சுருள் சுருளாகத் தொட்டிக்குள் அடுக்கி, முள்ளை வரிசை தப்பாமல் வைக்க வேண்டும். ஒரு முள் தப்பி நடுக்கடலில் கயிறு சிக்கினால் படகுக்காரன் எங்கள் ஏழு தலைமுறையையும் இழுப்பான். எழுபது வயதில் ஏன் இந்த வேலை என்று டவுன்காரர்கள் கேட்பார்கள். வீட்டில் உட்கார்ந்தால் முழங்கால் பேச ஆரம்பித்துவிடும், வேறென்ன.

ஹால்வர் பெரித்தின் கணவன். பள்ளியில் எனக்கு இரண்டு வகுப்பு மேலே படித்தவன். மூன்று வருஷமாக அவனுக்கு ஞாபகம் கழன்றுகொண்டே வந்தது. முதலில் பெயர்கள் போயின, பிறகு கிழமைகள், பிறகு பேரப்பிள்ளைகள். கை மட்டும் போகவில்லை. காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டால் விழிப்பான். கையில் கணவாய்த் துண்டைக் கொடுத்தால் என்னைவிட வேகமாகக் கோர்ப்பான். அதனால் பெரித் தினமும் அவனைக் கொட்டகைக்குக் கூட்டி வந்துவிடுவாள். எங்கள் இருவருக்கும் நடுவில் அவன் தொட்டி.

எதிர் மேசை ஓட்கேருக்கு வாய் சும்மா இருக்காது.

“டேய் ஹால்வர், உன் கை வேகத்துல பாதி எனக்கு இருந்தா நான் மூணு பொண்டாட்டி கட்டியிருப்பேன்.”

“இருந்த ஒருத்தியே கப்பலேறிப் போயிட்டா. பேச்சப் பாரு,” என்பேன் நான்.

“கப்பல் ஏறல ராண்டி, பஸ் ஏறினா. தப்புத்தப்பா சொல்லிப் பரப்பாத.”

ஹால்வர் சிரிப்பான். புரிந்து சிரித்தானா, நாங்கள் சிரிப்பதால் சிரித்தானா தெரியாது. அவன் கை நிற்காது. பெரித் அவன் கையையே பார்த்துக்கொண்டு தன் வேலையைச் செய்வாள். அந்தக் கை ஓடுகிறவரை ஒன்றும் கெட்டுப்போய்விடவில்லை என்று அவளுக்கு ஒரு கணக்கு.

கொட்டகையில் இருக்கும்வரை ஒரு தொந்தரவும் இல்லை. வீட்டுக்குப் போன பிறகுதான். முதல் தடவை, பெரித் நிலவறைக்கு உருளைக்கிழங்கு எடுக்கப் போன நேரத்தில் கதவைத் திறந்து போனவன் மீன் காயப்போடும் கொம்புகளுக்கு நடுவே நின்றிருந்தான். இரண்டாவது தடவை துறைமேடை வரைக்கும் போய்விட்டான். மூன்றாவது தடவை பனியும் மழையுமாக ஊற்றிக்கொண்டிருந்தது. பிற்பகல் இரண்டு மணிதான், ஆனால் வெளியே மையிருட்டு. ஓட்கேர் கொட்டகையைப் பூட்டப் போனவன் பார்த்திருக்கிறான். காலில் வெறும் கம்பளி உறை. ஒரு கால் மேடையில், மற்றது படகுக்கு இறங்கும் இரும்பு ஏணியில். கீழே கறுப்புத் தண்ணீர். ஓட்கேர் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கியிருக்கிறான்.

“என்ன சொன்னான் தெரியுமா?” என்று மறுநாள் ஓட்கேர் என்னிடம் மட்டும் சொன்னான். “‘கயித்தப் பிடிடா, படகு வந்துடுச்சு’ன்னான். அங்க ஒரு படகும் இல்ல ராண்டி.”

ஊராட்சி நர்ஸ் ஷெர்ஸ்தி வந்தாள். சின்னப் பெண், நல்லவள். கெட்ட செய்தியை நல்லவர்கள் சொன்னால்தான் அதிகம் வலிக்கும்.

“இன்னொரு தடவை இப்படி நடந்தா என்னால ஒண்ணும் செய்ய முடியாது. டவுன்ல இருக்கற முதியோர் இல்லத்துல இடம் கேட்டுத்தான் ஆகணும். டிசம்பர் மூணாவது வியாழக்கிழமை வர்றேன். அன்னைக்கு முடிவு பண்ணிக்கலாம். கண்ணாடி பாத்து சில பேருக்குப் பயம் வரும், அதையெல்லாம் மூடி வைங்க.”

பெரித் குளியலறைக் கண்ணாடிக்குத் துண்டு போர்த்தினாள். ஜன்னல் திரைகளை இழுத்து மூடி ஊசி குத்தினாள். செருப்புகளை ஒளித்தாள். கதவில் ஆட்டுக் கழுத்து மணியைக் கட்டினாள். கழிவறைக்குப் போனால்கூடக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டாள். ஒரு வாரத்தில் அவள் கன்னம் ஒட்டிப்போனது. கொட்டகையில் அவள் தொட்டியிலேயே முள் வரிசை தப்பியது. நான் திருத்தி வைத்தேன்.

“அந்த இல்லத்துல ஜன்னலத் திறந்தா கார் நிறுத்தற இடம் தெரியும்,” என்றாள் ஒரு நாள். “அவன் கையில கயிறு குடுக்க அங்க யாரு இருக்கா? ரெண்டே மாசத்துல செத்துடுவான்.”

“அப்படியெல்லாம் பேசாத.”

“பின்ன எப்படிப் பேச? நீயே சொல்லு.”

நான் அடுத்த முள்ளை எடுத்தேன்.

*

பெரித்தின் மகள் ஹில்டெ தெற்கே ஒரு நகரத்தில் பள்ளிக்கூட வாத்தியார். விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். அப்பாவை இல்லத்தில் விடலாம் என்ற கட்சி அவள். அதை வாசற்படியிலேயே சொல்லிவிடும் குணமும் அவளுக்கு உண்டு.

“நீ விழுந்தா யாரும்மா உன்னைத் தூக்குவா? ரெண்டு பேரும் சேந்து கடல்ல போகப் போறீங்களா?”

“வந்ததும் வராததுமா ஆரம்பிச்சிட்டியா? காப்பி ஆறுது, குடி.”

வந்த மறுநாள் காலைச் சாப்பாட்டு நேரத்தில்தான் அவள் அதைக் கண்டுபிடித்தாள். அன்றைக்கு நானும் அங்கே இருந்தேன்.

பெரித் வீட்டில் சாப்பாட்டு மேசைக்கு எதிர்ச் சுவரில் ஏழு படங்கள், எல்லாம் கண்ணாடி போட்டவை. நடுவில் ஆர்வித். ஹால்வரின் அண்ணன். இருபத்துநான்கு வயது, கம்பளித் தொப்பி, பல்லெல்லாம் தெரியச் சிரிப்பு. ஒரு கை படத்தின் ஓரம்வரை நீண்டு எதன் மேலோ கிடக்கும். எதன் மேல் என்று யாரும் கேட்டதில்லை. அறுபத்தெட்டு பிப்ரவரியில், அந்தப் படம் எடுத்த அதே காலையில், அவனும் அவன் மாமாவும் படகில் போனார்கள். திரும்பவில்லை. கடல் ஒரு பலகையைக்கூடத் திருப்பித் தரவில்லை. எனக்கு அப்போது பதினேழு வயது; ஊரே மூன்று நாள் துறையில் நின்றது நினைவிருக்கிறது. மூன்றாவது ஆளாக ஹால்வரும் போயிருக்க வேண்டியது. கட்டைவிரலடியில் தூண்டில் முள் ஏறிக் கை வீங்கிப் போனதால் அவன் போகவில்லை. இதைப் பற்றி ஹால்வர் யாரிடமும் வாய் திறந்ததில்லை, பெரித்திடம்கூட.

அன்று காலை ஹால்வர் காப்பிக் கோப்பையோடு அந்தப் படத்துக்கு முன்னால் போய் நின்றான். கோப்பையைப் படத்தை நோக்கி நீட்டினான்.

“குளிர்ல நிக்கறான். உள்ள கூப்பிடு பெரித்.”

“யாருப்பா நிக்கறா?” என்று கேட்டாள் ஹில்டெ.

“ஆர்வித்துதான். எப்படிக் கெழடாயிட்டான் பாரு. கண்ணெல்லாம் உள்ள போயிடுச்சு. ஜன்னலுக்கு வெளிய எவ்வளவு நேரமா நிக்கறானோ.”

ஹில்டெ எழுந்து அப்பாவின் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். மேசை விளக்கு நேராகக் கண்ணாடியில் விழுந்தது. தொப்பி ஆர்வித்துடையது, முகம் ஹால்வருடையது; எழுபத்துமூன்று வயது முகம், நரைத்த புருவம். அவள் கையை நீட்டி விளக்கை அணைத்தாள்.

“போயிட்டான்!” ஹால்வர் கத்தினான். கோப்பை தரையில் விழுந்தது. “துறைக்குப் போயிட்டான்! படகைக் கட்டத் தெரியாம நிப்பான்!”

அடுத்த நொடி மணி கிணுகிணுத்தது; அவன் கதவில் இருந்தான். நாங்கள் மூன்று பேரும் சேர்ந்துதான் அவனைப் பிடிக்க முடிந்தது. கிழவன் என்று பெயர்தான், கடலில் இழுத்த கை. பெரித் அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

நான் நினைத்திருந்தேன், அவன் எதற்கோ பயந்து ஓடுகிறான் என்று. அவன் ஓடவே இல்லை. அண்ணனைக் கூப்பிடப் போயிருக்கிறான்.

*

படத்தைக் கழற்றினால் தீர்ந்தது என்று அன்றைக்கே கழற்றினோம். அது இன்னும் மோசம். சுவரில் வெளிறிய சதுரமும் ஆணியும் இருந்தன. ஹால்வர் அந்த இடத்தைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, “முழுகிடுச்சா? சொல்லு, முழுகிடுச்சா?” என்று மாலைவரை அழுதான். ஐம்பத்துநாலு வருஷத்துக்கு முன்னால் அழாத அழுகை. திரும்ப மாட்டினோம். விளக்கை மூலைக்கு நகர்த்தி, அரையிருட்டில் தடுக்கித் தடுக்கி நடந்தார்கள். படம் வேண்டும், அதில் கண்ணாடி கூடாது. வியாழக்கிழமைக்கு எட்டு நாள் இருந்தது.

ஹால்வரை ஓட்கேரிடம் கொட்டகையில் விட்டுவிட்டு, நாங்கள் மூவரும் என் காரில் டவுனுக்குப் போனோம். அங்கே ரூனே என்று ஒருவன் படம் அச்சடித்து பிரேம் போடும் கடை வைத்திருக்கிறான். முக்கால்வாசி கல்யாணப் படம், மீதி பிடித்த மீனோடு நிற்கிறவர்களின் படம்.

ஹில்டெ விஷயத்தைச் சொன்னாள். ரூனே காதைச் சொறிந்தான்.

“கண்ணாடியை மட்டும் எடுத்துட்டா என்ன?” என்றாள் பெரித்.

“பிரேம்னா உள்ள இருக்கறது காகிதம். உங்க வீட்ல மீன் வேகும், ஆவி அடிக்கும். அவரு வேற தொட்டுத் தொட்டுப் பாப்பாருன்னு சொல்றீங்க. ஒரே மாசத்துல முகம் அழிஞ்சுடும். எதிரொளிக்காத கண்ணாடின்னு ஒண்ணு இருக்கு, பாக்கறீங்களா?”

ஒரு சதுரத்தைக் கொண்டுவந்து கொடுத்தான். பெரித் அதை விளக்குக்குக் கீழே இப்படியும் அப்படியும் சாய்த்தாள்.

“என் மூக்கு தெரியுது.”

“லேசாத்தானே தெரியும்.”

“என் மூக்கு லேசான மூக்கா? எனக்கே தெரியுதுன்னா அவனுக்கு ஆளே தெரியும். வேணாம்.”

“அப்போ கேன்வாஸ்தான். துணியில அடிச்சு, மரச்சட்டத்துல இழுத்துக் கட்டிடுவேன். கண்ணாடியும் கிடையாது, பளபளப்பும் கிடையாது. தொட்டாலும் ஒண்ணும் ஆகாது, ஈரத்துணியால தொடைக்கலாம். என்ன, பிரேம்ல இருக்கற கூர்மை இருக்காது. துணி நெசவு கொஞ்சம் தெரியும், முகம் மெத்துனு இருக்கும்.”

மாதிரித் துண்டைப் பெரித் விரல்களுக்கு நடுவில் வைத்துத் தேய்த்தாள். அவள் முகம் மாறியது.

“இது கப்பல் பாய்த்துணி.”

“இல்லீங்க, இது படத்துக்குன்னே நெய்யறது.”

“எனக்குத் தெரியாதா? எங்கப்பா பாய் தைச்சவரு. நடுக்கடல்ல செத்தவனை இதுல வச்சுத்தான் தைப்பாங்க. ஆர்வித்துக்கு அதுகூடக் கிடைக்கல. இப்போ நான் அவனை இதுல ஏத்தணுமா? மாட்டேன்.”

“அம்மா, அது வெறும் துணி!” ஹில்டெயின் குரல் ஏறியது. “வியாழக்கிழமை ஷெர்ஸ்தி வர்றா. நான் அப்பாவை அனுப்பணும்னு சொன்னவ. நீதான் வேணாம்னே. உனக்காகத்தான் இவ்வளவு தூரம் வந்து நிக்கறேன். அப்பா வீட்ல இருக்கணுமா வேணாமா?”

பெரித் துணியைக் கீழே வைக்கவில்லை. எனக்கு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது; எப்போதும் அதுதான் என் வியாதி.

“அம்பத்துநாலு வருஷம் கழிச்சாவது அவனுக்கு ஒரு துணி கிடைச்சுதுன்னு நெனச்சுக்கோயேன், பெரித்.”

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். பெரித் என்னையே பார்த்தாள். அடிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் அந்தத் துண்டால் கண்ணைத் துடைத்துவிட்டு ரூனேயிடம் நீட்டினாள்.

“பண்ணு.”

ரூனே பிரேமைக் கவிழ்த்து வைத்துத் துருப்பிடித்த ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினான். பழைய படம் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருந்தால் உரித்தெடுக்க முடியாது, கிழிந்துவிடும் என்று முன்னாலேயே சொல்லியிருந்தான். மூன்று பேரும் மேசைமேல் குனிந்து நின்றோம்.

“நல்ல வேளை,” என்றான். “படத்தைச் சுத்தி இந்த அட்டை ஓரம் வச்சிருக்காங்களே, அதனால கண்ணாடி படத்தைத் தொடல. இது இல்லைன்னா...”

அட்டையைத் தூக்கியவன் பாதியில் நிறுத்தினான்.

“இதுல இன்னொரு ஆளு இருக்கு.”

அட்டைக்கு அடியில் ஒரு விரல் அகலத்துக்குப் படம் நீண்டிருந்தது. அந்த ஓரத்தில் பாதி முகம். பத்தொன்பது வயது ஹால்வர். படம் எடுத்தவன் அவனைப் பாதியில் வெட்டிவிட்டான். ஆர்வித்தின் கை கிடந்தது அவன் தோள்மேல்தான். ஹால்வர் தன் கை ஒன்றை நெஞ்சோடு தூக்கிப் பிடித்திருந்தான். அதில் பெரிதாக வெள்ளைக் கட்டு.

அந்த முகத்தை நான் பள்ளிக்கூட வாசலில் பார்த்திருக்கிறேன்.

“பாட்டிதானே பிரேம் போட்டா?” ஹில்டெ மெதுவாகக் கேட்டாள். “வேணும்னே மறைச்சாளா? போகாம இருந்துட்டான்னு கோவமா?”

“கோவம் இல்லடி.” பெரித் படத்தைத் தொடாமல் மேலாகக் கையை ஓட்டினாள். “உயிரோட இருக்கறவனைக் கடல்ல போனவனோட ஒரே ஆணியில மாட்டக் கூடாது. கடலுக்குக் கணக்கு தப்பிப் போகும், இவனையும் கேட்டு வரும்.”

“யாரு சொன்னா?”

“யாரும் சொல்ல வேணாம். எல்லாருக்கும் தெரியும்.”

அது உண்மைதான். எங்கள் ஊரில் எந்த வீட்டிலும் அப்படி ஒரு படம் தொங்காது. ஆளைக் கத்தரித்திருப்பார்கள், அல்லது மடித்திருப்பார்கள். பெரித்தின் மாமியாருக்கு மிஞ்சிய ஒரு பிள்ளையை வெட்ட மனசு வந்திருக்காது, அட்டையால் மூடிவிட்டாள். கோபமும் கொஞ்சம் இருந்திருக்கலாம். செத்தவளிடம் போய்க் கேட்கவா முடியும்.

ரூனே அளவுகோலை வைத்துப் பார்த்தான்.

“இங்கதான் ஒரு சிக்கல். துணியைச் சட்டத்துல மடிச்சு இழுக்கணும். படத்தோட ஓரம் நாலு சென்டிமீட்டர் சட்டத்தோட பக்கவாட்டுத் தடிமனுக்குப் போயிடும். எல்லார் படத்துலயும் ஓரத்துல வானமோ கல்லோ இருக்கும், கவலை இல்ல. உங்க படத்துல ஓரத்துல ஆளு நிக்கறாரு. அவரையும் முன்னாடி வச்சுட்டு, பக்கத்துக்கு வெறும் வெள்ளை விடலாம். இல்லைன்னா ஆர்வித் மட்டும் முன்னாடி, இவரு பக்கவாட்டுல. நேர நின்னு பாத்தா தெரியமாட்டாரு. இல்ல, அந்தத் துண்டை வெட்டியே—”

“வெட்டற பேச்சை எடுக்காத!”

கடையில் வேறு ஆள் இருந்திருந்தால் திரும்பிப் பார்த்திருப்பார்கள்.

“முன்னாடி வைம்மா,” என்றாள் ஹில்டெ. “அண்ணனும் தம்பியும் சேந்து இருந்தா என்ன?”

பெரித் வெகுநேரம் யோசித்தாள். ஒரு தொட்டி முடிக்கும் நேரம் என்று எனக்குத் தோன்றியது.

“பக்கத்துல போகட்டும். முன்னாடி வேணாம், வெட்டவும் வேணாம். யாரும் பாக்கமாட்டாங்க. ஆனா இருக்கட்டும்.”

*

புதன்கிழமை மத்தியானப் படகில் படம் வந்தது. ஓட்கேர் அதைத் தலையில் தூக்கிக்கொண்டு வந்து, பெரித் நூறு தடவை “மெதுவா, மெதுவா” என்ற பிறகு அதே ஆணியில் மாட்டினான். பழையதைவிட மூன்று மடங்கு பெரிசு. மற்ற ஆறு படங்களையும் ஏற்கெனவே கழற்றியிருந்தார்கள். விளக்கைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தாள் ஹில்டெ. நான் எதிரே போய் நின்று பார்த்தேன். என் முகம் தெரியவில்லை. ஆர்வித் மட்டும் சிரித்தான்.

ஹால்வர் வந்து பார்த்தான். தடவினான். நெசவு விரலில் உரசியது.

“அந்தக் கெழவன் எங்க?”

பெரித் கதவுக்கும் அவனுக்கும் நடுவில் போய் நின்றுகொண்டாள்.

“எந்தக் கெழவன்?” என்றாள்.

“இங்கதானே நின்னான்.” அவன் திரும்பிக் கதவைப் பார்த்தான், ஜன்னலைப் பார்த்தான். ஒரு அடி எடுத்து வைத்தான். பிறகு எதற்கு எடுத்தோம் என்று மறந்துபோய் நின்றான். பெரித் அவனைக் கைத்தாங்கலாக அடுப்புக்குப் பக்கத்து நாற்காலியில் கொண்டுபோய் உட்காரவைத்தாள்.

அன்று அவன் வெளியே போகவில்லை. ஆனால் சாயங்காலம் நாலு தடவை எழுந்து அறை அறையாக அந்தக் கிழவனைத் தேடியிருக்கிறான். ஒவ்வொரு தடவையும் மணி அடிக்குமோ என்று செத்துப் பிழைத்தேன் என்றாள் பெரித். “நாளைக்கு அவ முன்னாடி தேட ஆரம்பிச்சா முடிஞ்சுது ராண்டி. எல்லாம் முடிஞ்சுது.”

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு ஷெர்ஸ்தி வந்தாள். நான் பக்கத்துவீட்டுக்காரி என்ற உரிமையில் அப்பச்சட்டி மாதிரியான இரும்புத்தட்டில் வாபிள் சுட்டுக்கொண்டிருந்தேன். கைக்கு வேலை இல்லாவிட்டால் என்னால் அங்கே நின்றிருக்க முடியாது. ஷெர்ஸ்தி காகிதங்களை மேசைமேல் பரப்பினாள். ஹில்டெ கண்ணாடி விஷயத்தை விவரமாகச் சொன்னாள்.

“கண்டுபிடிச்சது நல்லதுதான்,” என்றாள் ஷெர்ஸ்தி. “ஆனா வெளிய போறது பழக்கமாயிட்டா, காரணம் போன பிறகும் சில பேரு போவாங்க. அதுதான் என் பயம்.” பிறகு ஹால்வர் பக்கம் திரும்பிக் குரலை உயர்த்தினாள். “என்ன ஹால்வர், வெளிய பனி பெய்யுது. வெளிய போகணும்னு தோணுதா?”

ஹால்வர் நாற்காலியில் நிமிர்ந்தான். எழப்போகிறான் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அவன் தலையை வலப்பக்கம் திருப்பிச் சுவரைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான்.

அவன் நாற்காலி படம் இருந்த அதே சுவரை ஒட்டிக் கிடந்தது. அங்கே உட்கார்ந்தால் படத்தின் முன்பக்கம் தெரியாது. சிரிக்கிற ஆர்வித் தெரியமாட்டான். தெரிவது பக்கவாட்டு மட்டும்தான். நாலு சென்டிமீட்டர். எங்களில் ஒருத்தருக்கும் இது தோன்றவில்லை. யாரும் பார்க்கமாட்டார்கள் என்று நினைத்த இடத்தை வீட்டிலேயே ஒருவன்தான் பார்க்க முடியும், அவன் நாள் முழுக்க அங்கேதான் உட்கார்ந்திருப்பான்.

“இவன் போகல,” என்றான் ஹால்வர்.

“யாரு போகல?” ஷெர்ஸ்தி கேட்டாள்.

“கை வீங்கியிருக்குல்ல.” அவன் தன் வலது கையை மெல்லத் தூக்கி, அந்தப் பாதி முகக்காரன் பிடித்திருந்த மாதிரியே நெஞ்சோடு வைத்துக்கொண்டான். “முள்ளு ஏறிடுச்சு. அம்மா போகாதேன்னுட்டா. ஆர்வித்தும் நீ இருடான்னுட்டான். நான் போகல. அவங்க ரெண்டு பேருதான்.”

ஐம்பது வருஷம் கூடப் படுத்தவளிடம் சொல்லாததை அவன் காப்பி நேரத்தில் ஒரு நர்சிடம் சொன்னான். பெரித் முந்தானை மாதிரி தன் ஏப்ரனைத் தூக்கி வாயைப் பொத்திக்கொண்டாள். ஹில்டெ ஜன்னலுக்குப் போய் ஊசி குத்திய திரையையே பார்த்தபடி நின்றாள். என் வாபிள் கருகிப் புகைந்தது.

“வலிக்குதா?” ஷெர்ஸ்தி அவன் பக்கத்தில் குனிந்து கேட்டாள்.

“வலிக்குது,” என்றான். “கட்டு எங்க? கட்டு அவிழ்ந்துடுச்சு.”

பெரித் எழுந்தாள். அலமாரியிலிருந்து வெள்ளைத் துணி ஒன்றை எடுத்து நீளமாகக் கிழித்தாள். அவன் முன்னால் முட்டிபோட்டு உட்கார்ந்து, கட்டைவிரலடியில், ஒரு கீறல்கூட இல்லாத இடத்தில், சுற்றிச் சுற்றிக் கட்டினாள். படத்தில் இருந்த அதே பருமன் வரும்வரை கட்டினாள். அவன் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டான். ஷெர்ஸ்தி காகிதங்களை அடுக்கிப் பைக்குள் வைத்தாள். மார்ச் வரைக்கும் பார்க்கலாம் என்றாள்.

*

அதற்குப் பிறகு ஹால்வர் ஒரு நாளும் தனியாக வெளியே போகவில்லை. மணியை ஜனவரியில் கழற்றிவிட்டார்கள். தினமும் காலையில் பெரித் அவனுக்கு முகம் துடைத்து, ரொட்டி ஊட்டி, கையில் கட்டுப் போடுகிறாள். துணியைக் கண்டால் நடுங்கினவள் இப்போது படுக்கை விரிப்பையெல்லாம் கிழித்து வைத்திருக்கிறாள். கட்டுப் போட்ட கையோடு கடலுக்குப் போகக் கூடாது என்று ஹால்வருக்குத் தெரியும்.

கட்டுப் போட்ட கையோடு இரை கோர்க்கக் கூடாது என்றும் தெரியும். முதல் நாள் கொட்டகைக்கு வந்தபோது நான் வழக்கம்போலக் கணவாய்த் துண்டை அவனிடம் நீட்டினேன். அவன் கட்டைக் காட்டித் தலையாட்டிவிட்டான். கட்டை அவிழ்த்தால் கோர்ப்பான் என்று எனக்குத் தெரியும், பெரித்துக்கும் தெரியும். அவள் அந்தக் கையைப் பார்க்காமல் தன் முள்ளைப் பார்த்தாள்.

இப்போது மீன் வரத்து உச்சத்தில் இருக்கிறது. படகுகள் தொட்டிக்குத் தொட்டி கேட்கின்றன. ஓட்கேருக்குக்கூடப் பேச நேரமில்லை. ஹால்வர் கையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு எங்கள் நடுவில் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறான். அவன் முன்னால் தொட்டி காலியாக நிற்கிறது. அதை எடுத்து வைக்க இருவருக்கும் மனசு வரவில்லை.

“கை எப்படிடா இருக்கு?” என்று ஓட்கேர் மட்டும் தினமும் ஒரு தடவை கேட்பான்.

“நாளைக்குச் சரியாயிடும். நாளைக்கு நானும் போயிடுவேன்.”

பெரித் தலையைத் தூக்கமாட்டாள். அவள் கை ஒரு முள் நேரம் நிற்கும், பிறகு ஓடும்.

“ஒண்ணும் அவசரமில்ல,” என்பாள். “மெதுவா ஆறட்டும்.”